நாங்கதான், வேற யாருமில்ல

ஆர்னா என்ற படகு, வடகோடி மீன்பிடி ஊரான பீட்டர்ஸ்பர்க்கின் துறையை விட்டுக் கிளம்பிய காலையில், கயிறு அவிழ்த்துவிட அதன் கேப்டன் மாரிட்டின் தம்பி நில்ஸ் வந்திருந்தான். அக்காள் படகுக்குத் தம்பி கயிறு அவிழ்ப்பதில் அதிசயம் ஒன்றும் இல்லை, வருஷக்கணக்காக நடப்பதுதான். அன்றைக்கு அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் கயிற்றையே பார்த்துக்கொண்டு பேசியது மட்டும் புதுசு.

"அக்கா, இந்தத் தடவ வேற குடாவுக்குப் போயேன். நீ எப்பவும் போற எடத்துல மீன் சரியா ஏறலன்னு சொல்றாங்க."

"யார் சொல்றாங்க? அங்க யாரு போறா, வந்து சொல்றதுக்கு?"

"சும்மா, காதுல விழுந்துச்சு."

"காதுல விழுந்தத உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு. கயித்த விடுடா, தண்ணி வத்திட்டிருக்கு."

அவன் விட்டான். கையசைத்தான். மழை பெய்துகொண்டிருந்தது. அந்த ஊரில் மழை பெய்வதை யாரும் ஒரு சேதியாகச் சொல்வதில்லை.

படகில் காசு கொடுத்துக் காட்டு விலங்கு பார்க்க வந்த ஆறு விருந்தினர்கள், அவர்களோடு பதினேழு கேமராக்கள். டெக்சஸிலிருந்து வந்த பிரென்டன் கொண்டுவந்த லென்ஸ் அடுப்புப் புகைக்குழாய் அளவு இருந்தது. அதை அவர் மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டுதான் காப்பி குடித்தார். ஒஹையோவிலிருந்து வந்த ஹார்லன் ஓய்வுபெற்ற பல் வைத்தியர். ஐந்தாவது வருஷமாக வருகிறார். மற்ற நாலு பேரும் நல்ல மனிதர்கள், கீழே இருந்த அறையில் வாந்தி எடுப்பதிலேயே முதல் நாளைக் கழித்தார்கள்.

சமையல் வெர்னாவுடையது. கேக் என்ற கிராமத்து டிலிங்கிட் பழங்குடிப் பெண். மாரிட்டுக்கு அறுபத்தொன்று, வெர்னாவுக்கு ஒன்றிரண்டு கூட இருக்கும். பதினோரு கோடையாக ஒரே படகில் ஒருத்தியை ஒருத்தி திட்டிக்கொண்டு ஒற்றுமையாக இருக்கிறார்கள்.

அந்தக் குடாவின் பெயரை மாரிட் ரேடியோவில் ஒருநாளும் சொன்னதில்லை. ரேடியோவில் சொன்னால் கடல் முழுக்கக் காது. "கடைக்குப் போறேன்" என்பாள், வெர்னாவுக்குப் புரியும். விருந்தினர்கள் ஏறியதும் முதல் வேலையாக ஒவ்வொரு கேமராவையும் போனையும் தன் கையில் வாங்கி, படம் எடுத்த இடத்தைப் பதிந்துகொள்ளும் வசதியை அணைத்துவிட்டுத்தான் திருப்பித் தருவாள். சுங்க அதிகாரிகூட அவ்வளவு நோண்டமாட்டார். அத்தனை காவலும் ஒரு கரடிக்காக.

அந்தக் கரடிக்கு ஃப்ரூ என்று பெயர். மாரிட்டின் வீட்டு நார்வே மொழியில் கல்யாணமான பெண்ணை மரியாதையாகச் சொல்கிற சொல். பின்னங்கால் ஒன்று எப்போதோ முறிந்து கோணலாகக் கூடியதால் நொண்டி நடப்பாள். நொண்டிக் கரடிக்குப் பெரிய ஆண் கரடிகளிடம் பயம், குட்டி இருந்தால் பயம் இரண்டு மடங்கு. ஆண் கரடிகளுக்கோ படகுச் சத்தம் ஆகாது. ஆக, மோட்டார் சத்தம் கேட்கிற இடத்தில் தன் குட்டிக்கு ஆபத்தில்லை என்று ஃப்ரூ தானாகவே கணக்குப் போட்டிருந்தாள். மாரிட் தோணியில் கரையை நெருங்கி மோட்டாரை அணைத்துவிட்டு, "நாங்கதான், வேற யாருமில்ல" என்று மெதுவாகச் சொல்வாள். கோரைப்புல் விலகும். ஃப்ரூ வந்து இருபது அடியில் உட்கார்ந்து புல் மேய்வாள். பக்கத்திலேயே அவள் குட்டி, சின்னவன், உருண்டுகொண்டிருப்பான்.

வெர்னாவுக்கு மட்டும் இந்தப் பெயர் வைக்கிற வேலை பிடிக்காது. "அவங்களுக்குக் காது கேக்கும். அவங்கள வச்சுப் பெருமை பேசக்கூடாது, கூப்பிட்டுப் பழக்கக்கூடாது" என்பாள். கரடியை 'அது' என்று அவள் சொல்லி மாரிட் கேட்டதில்லை.

முதல் நாள் சாயங்காலம் குடாவுக்குள் நங்கூரம் போட்டார்கள். தோணியை இறக்கி, ஹார்லனையும் பிரென்டனையும் வாந்தி தெளிந்த இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு மாரிட் ஓடை வாய்க்குப் போனாள். மோட்டாரை அணைத்தாள்.

"நாங்கதான்" என்றாள். "வேற யாருமில்ல."

புல் விலகியது. வந்தவன் சின்னவன், தனியாக வந்தான். இப்போது அவனைச் சின்னவன் என்று சொல்வதற்கே வெட்கமாக இருந்தது. மூன்று வயசு, தோள் திரண்டு, கழுத்தில் தேன் நிறப் பட்டை. நேராகத் தண்ணீர் ஓரத்துக்கு வந்து, தோணியைப் பார்த்து உட்கார்ந்தான். பிரென்டனின் லென்ஸ் படபடவென்று அடித்துத் தீர்த்தது.

"அவனோட அம்மா எங்க, கேப்டன்?" என்று ஹார்லன் கேட்டார்.

"மூணு வயசாச்சு, துரத்திவிட்டிருப்பா. புது மாப்பிள்ளை தேடிப் போயிருப்பா" என்றாள் மாரிட். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் நில்ஸ் கயிற்றைப் பார்த்துப் பேசியது எங்கிருந்தோ வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் கடல் வற்றிய நேரத்தில் கரையிறங்கி நடந்தார்கள். ஹார்லன்தான் முதலில் பார்த்தார். கோரைப்புல் முடிந்து மரங்கள் தொடங்குகிற இடத்தில் வெள்ளையாக ஏதோ கிடந்தது.

எலும்புகள். மழையும் காக்கையும் சேர்ந்து துப்புரவாகக் கழுவியிருந்தன. விலா எலும்புகள் கூடை மாதிரி அப்படியே நின்றன. மண்டையோடு இல்லை. நாலு பாதங்களும் இல்லை. கிழட்டுக் கரடி தானாகச் செத்தால் தலையையும் பாதத்தையும் எடுத்துக்கொண்டு போகாது. அதைத் தோலோடு உரித்துக்கொண்டு போகிறவன் மனிதன்.

மாரிட் மண்டியிட்டாள். பின்னங்கால் எலும்பைக் கையில் எடுத்தாள். நடுவில், முறிந்து கூடிய இடத்தில், முட்டி அளவுக்கு ஒரு புடைப்பு. கோணலாக இருந்தது. அவள் அதைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தாள். ஏழு வருஷமாகத் தூரத்திலிருந்து பார்த்த காலை அன்றுதான் தொட்டாள்.

"படம் எடுக்கலாமா?" என்று பிரென்டன் தணிந்த குரலில்தான் கேட்டார்.

"எடுத்தீங்கன்னா லென்ஸத் தண்ணில போடுவேன்" என்றாள் மாரிட்.

வெர்னா பின்னாலிருந்து வந்து நின்றாள். எலும்புகளைப் பார்த்துத் தன் மொழியில் நீளமாக எதையோ சொன்னாள். குரலில் கெஞ்சல் இருந்தது. என்ன சொன்னாய் என்று மாரிட் கேட்கவில்லை. மன்னிப்புத்தான் என்று தெரிந்தது, தனக்காகவும் சேர்த்துத்தான் கேட்கிறாள் என்பதும் தெரிந்தது.

படகுக்குத் திரும்பியதும் மாரிட் சுக்கான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சேட்டிலைட் போனை எடுத்தாள். நாலாவது தடவை மணி அடித்தபோது நில்ஸ் எடுத்தான். அவன் கரடி வேட்டைக்கு ஆட்களைக் கூட்டிப்போகிறவன். சட்டப்படியான தொழில், அவர்கள் அப்பாவும் அதைத்தான் செய்தார். அக்காளுக்கும் தம்பிக்கும் ஒரே ஒரு உடன்பாடு இருந்தது: இந்தக் குடாவுக்கு அவன் யாரையும் கூட்டி வரக்கூடாது.

"எலும்பப் பார்த்துட்டேன்" என்றாள்.

"அக்கா, வேட்டைக்குன்னு வரல. சத்தியமா. மே மாசம், வேட்டைக்காலத்தோட கடைசி நாள், தென்கிழக்குக் காத்து கண்ணு மண்ணு தெரியாம அடிச்சுது. ஒதுங்கத்தான் உள்ள வந்தேன். தோணில தண்ணி பிடிக்கக் கரைக்குப் போனோம்."

"எந்தத் தோணில?"

"நீ குடுத்த தோணிதான்."

மாரிட் நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன் ஆர்னாவின் இன்ஜின் படுத்துவிட்டது. ஒரு குளிர்காலம் முழுக்க நில்ஸ் கிரீஸில் புரண்டு அதைச் சரிசெய்தான். கூலி பேசுகிற உறவா அது? பழைய அலுமினியத் தோணியை, அதன் மோட்டாரோடு, "எடுத்துக்கடா" என்று கொடுத்துவிட்டாள். போன கோடையில் புதுத் தோணியில் இங்கே வந்தபோது ஃப்ரூ புல்லைவிட்டு வெளியே வரவே யோசித்தாள். குரல் கேட்ட பிறகுதான் வந்தாள். "அம்மாவுக்குப் புது மோட்டார் பிடிக்கல" என்று மாரிட் அன்றைக்குக் கேலி செய்தாள். பழைய மோட்டாரை ஃப்ரூ அடையாளம் வைத்திருந்தாள் என்பது அந்த நிமிஷமே கண்முன் இருந்தது. அந்தப் பழைய மோட்டார் இப்போது யாரிடம், எந்தத் தொழிலில் இருக்கிறது என்று அவள் புத்தியில் உறைக்கவே இல்லை.

குடாவின் பெயரைக் காற்றுக்குக்கூடச் சொல்லாமல் பூட்டிவைத்தவள், சாவியைத் தூக்கித் தம்பி கையில் கொடுத்திருக்கிறாள்.

"நீ ஏதாவது சொன்னியா? கரைல?"

"அக்கா…"

"சொன்னியாடா?"

"பழக்கம் அக்கா. ரெண்டு கோடை உன் படகுல வேலை செஞ்சேன்ல? மோட்டார அணைச்சதும் வாயில தானா வந்துடுச்சு. நாங்கதான், வேற யாருமில்லன்னு. அவ வந்துட்டா. நாய்க்குட்டி மாதிரி வந்து உக்காந்தா. நான் கூட்டிட்டு வந்த ஆளு சிரிச்சிட்டே கேட்டான், இது வளர்த்த கரடியான்னு."

"உனக்கு அவளத் தெரியலயா?"

"தெரிஞ்சுது. நொண்டுறதப் பார்த்ததும் தெரிஞ்சுது. பத்து நாளா அந்த ஆளுக்கு ஒண்ணும் கிடைக்கல. குட்டியும் கூட இல்ல, சட்டப்படி தடை இல்ல. துப்பாக்கியத் தூக்கிட்டான். வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல."

மாரிட் திட்டவில்லை. திட்டினால் பாதி தன் மேலேயே விழும்.

"இனிமே அந்தப் பக்கமே வரமாட்டேன் அக்கா. தோணியத் திருப்பித் தந்துடறேன்."

"உன்ன ஒருத்தன நிறுத்திடுவேன். கடல்ல எத்தன பேர நிறுத்துவேன்?" என்றாள். "அந்தச் சின்னவன் எந்த மோட்டார் சத்தம் கேட்டாலும் வந்து உக்காருவான்டா. நேத்து வந்து உக்காந்தான்."

வேட்டைக்காலம் மறுபடி திறக்க மூன்று வாரம்தான் இருந்தது. மூன்று வயசு ஆண் கரடியைச் சுடத் தடை எதுவும் கிடையாது.

சாப்பாட்டு மேஜையில் வெர்னா ஹாலிபட் மீன் வறுத்து வைத்திருந்தாள், யாரும் பெரிதாகத் தொடவில்லை. மாரிட் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள், தோணி கொடுத்த கதை உட்பட. பிறகு, "நாளைலேர்ந்து மூணு நாள் நம்ம வேலை அவன விரட்டறது. படம் கிடையாது. யாருக்காவது மனசில்லன்னா சொல்லுங்க, அடுத்த வருஷம் சும்மா கூட்டிட்டு வர்றேன்" என்றாள்.

"அடுத்த வருஷம் என்னத்தப் பார்க்க?" என்றார் பிரென்டன். "கேப்டன், நீங்க சொல்றது புரியுது. ஆனா நான் இதுக்காகவே வந்தேன். காலைல ஒரு மணி நேரம் படம் எடுத்துக்கறோம், அப்புறம் விரட்டுங்களேன்."

"ஒரு மணி நேரம் கொஞ்சிட்டு அப்புறம் அடிச்சா யாருக்குப் பயம் வரும்? குழப்பம்தான் வரும்."

"காட்டு விலங்க மிரட்டறது குத்தம். பெர்மிட் குடுக்கறவங்களுக்கு நான் எழுத வேண்டியிருக்கும்."

"எழுதுங்க" என்றாள் மாரிட். "என் பேரத் தப்பில்லாம எழுதுங்க."

வெர்னா ரொட்டித் தட்டை எடுத்து பிரென்டன் பக்கம் நகர்த்தினாள். "மொதல்ல சாப்பிடுங்க சார். வயித்துல ஒண்ணும் இல்லாம புகார் எழுதினா கை நடுங்கும்."

மூன்றாம் நாள் காலையில் தோணியில் மாரிட்டோடு வெர்னாவும் ஹார்லனும் மட்டும் ஏறினார்கள். ஹார்லன் கழுத்து வெறுமையாக இருந்தது. ஐந்து வருஷத்தில் கேமரா இல்லாத அந்தக் கழுத்தை அவள் பார்த்ததே இல்லை.

"கிளிக் சத்தமும் அவனுக்குப் பழக்கம்தான கேப்டன்? அதான் வச்சிட்டு வந்துட்டேன்" என்றார். வெர்னா மடியில் பெரிய சூப்புப் பானையும் இரும்புக் கரண்டியும் இருந்தன. மாரிட்டிடம் கை ஹாரனும், கரடியை விரட்டுகிற வெடியும் இருந்தன.

சும்மா கத்திவிட்டு வந்தால் போதாது என்று அவளுக்கு இரவே தெரிந்திருந்தது. தூரத்திலிருந்து கத்தினால் சின்னவன் கத்தலுக்குத்தான் பயப்படுவான். வேட்டைக்காரன் கத்திக்கொண்டா வருகிறான்? அவன் மெதுவாகத்தான் வருவான், தணிந்த குரலில்தான் பேசுவான். சின்னவன் பயப்பட வேண்டியது அந்தத் தணிந்த குரலுக்கு.

மோட்டாரை அணைத்தாள்.

"நாங்கதான்" என்றாள், என்றைக்கும் போலவே, ஒரு சுருதி குறையாமல். "வேற யாருமில்ல."

சின்னவன் வந்தான். வாயில் பாதி சால்மன் மீன் தொங்கியது. அதைக் கல்லில் வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

மாரிட் ஹாரனை அழுத்தினாள்.

வெர்னா பானையை அடித்தாள், ஹார்லன் எழுந்து நின்று இரண்டு கையையும் வீசிக் கத்தினார். வெடி அவன் முன்னால் தண்ணீரில் விழுந்து வெடித்தது. சின்னவன் எகிறிக் குதித்தான். இருபது அடி ஓடினான், நின்றான், திரும்பிப் பார்த்தான். சத்தம் எங்கிருந்தோ வருகிறது, தோணிக்காரர்களுக்கு என்ன ஆயிற்று என்று பார்ப்பது போல இருந்தது. சத்தத்துக்குப் பயந்து, அவர்கள் இருக்கிற பக்கமாகவே இரண்டு அடி வைத்தான்.

"ஐயோ, நம்ம பக்கமே வர்றானே" என்றார் ஹார்லன்.

பயம் வந்தால் மோட்டார் பக்கம் ஓடு என்றுதான் அவன் அம்மா சொல்லிக்கொடுத்திருந்தாள்.

"போடா!" என்று மாரிட் அலறினாள். "போய்த் தொலடா! எங்கள நம்பாதடா முட்டாளே!" மோட்டாரை முடுக்கி நேராக அவனை நோக்கித் தோணியை விட்டாள். கூழாங்கல்லில் அடிப்பாகம் கிழிபடும் சத்தம் கேட்டது. அப்போதுதான் அவன் ஓடினான். மீனை அப்படியே விட்டுவிட்டு ஓடினான்.

திரும்பும்போது ஹார்லன் அழுதுகொண்டிருந்தார், மழையாயிருந்ததால் மறைக்கச் சிரமப்படவில்லை. படகின் ஓரத்தில் பிரென்டன் நின்றிருந்தார். எல்லாவற்றையும் அவர் அந்தப் புகைக்குழாய் லென்ஸ் வழியாகப் பார்த்திருக்கிறார். தோணிக் கயிற்றைப் பிடித்துக் கட்டினார்.

"நான் படம் எடுக்கல" என்றார். முடிச்சை இறுக்கிவிட்டு, "புகாரும் எழுதல" என்றார்.

நாலாம் நாள் மறுபடி போனார்கள். கூப்பிட்டதும் சின்னவன் வந்தான். ஆனால் மர ஓரத்தில் நின்றுவிட்டான், தண்ணீருக்கு இறங்கவில்லை. முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே நின்றான். இந்தமுறை பிரென்டனும் தோணியில் இருந்தார், அவர் போட்ட கூச்சலில் காக்கைகள்கூடக் கிளம்பிப் போயின. ஒரே வெடியில் சின்னவன் காட்டுக்குள் போய்விட்டான்.

"பேரு வைக்காதன்னு நீ சொன்னப்பவே கேட்டிருக்கணும்" என்றாள் மாரிட்.

"சொன்னேன்னு நானும் சொல்லிக்கலாம். பதினோரு வருஷம் இங்க சமைச்சதும் நான்தான்" என்றாள் வெர்னா. "அவங்க வந்து உக்காந்தப்ப எனக்கும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு."

ஐந்தாம் நாள் காலை, கடைசி நாள். காற்றில்லை, குடா அசையாமல் கிடந்தது. மாரிட் தோணியை ஓடை வாய்க்குக் கொண்டுபோய் மோட்டாரை அணைத்தாள். ஹாரனைக் கையில் வைத்துக்கொண்டாள்.

"நாங்கதான். வேற யாருமில்ல."

மரங்களுக்கிடையில் ஒரு பழுப்புத் தோள் தெரிந்தது. தலை உயர்ந்தது. காது இந்தப் பக்கம் திரும்பியது. அவ்வளவுதான். யாரும் எதையும் அடிக்கவில்லை, யாரும் கத்தவில்லை. அந்தக் குரலைக் கேட்ட மாத்திரத்தில் சின்னவன் திரும்பி, கிளைகள் ஒடிய ஒடிய மலைமேல் ஏறி ஓடினான். சத்தம் சன்னமாகிச் சன்னமாகி நின்றுபோயிற்று.

"போயிட்டான்" என்றார் ஹார்லன். "கேப்டன், போயிட்டான். இனிமே பிழைச்சுக்குவான்."

மாரிட் தலையை ஆட்டினாள். நினைத்தது நடந்துவிட்டது. இதைவிட நல்லபடியாக நடக்க முடியாது. அவள் வாய்விட்டே அழுதாள். வெர்னா அவள் முதுகில் கை வைத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து மாரிட் ஹாரனைத் தோணியின் அடியில், தன் காலுக்குப் பின்னால் வைத்தாள். வெடியையும் வைத்தாள். இரண்டு கையும் வெறுமையாக இருக்க, காட்டைப் பார்த்து இன்னொரு தரம் மெதுவாகச் சொன்னாள்.

"நாங்கதான். வேற யாருமில்ல."

வெகுநேரம் காத்திருந்தார்கள். புல் அசையவில்லை.